டங் மேஜை

டங் மேஜையில் இருந்தவர்கள் இவர்கள். ஃபோம் ஒட்டுகிறவள், வாயாடி. லைனிங் மடிக்கிற பாய் வீட்டுப் பெண். நூல் வெட்டுகிற பொண்ணு, போன மாசம்தான் சேர்ந்தவள். அப்புறம் லேபிள் தைக்கிற நான்.

ஷூவில் லேஸுக்குக் கீழே நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு டங் என்று பெயர். ஆம்பூர் கம்பெனியில் அதுதான் எங்கள் வேலை. லைனில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேஜையில் நான்தான் பழையவள், அதனால் டங்கக்கா. இதற்கு முன்னால் பெல்ட் கம்பெனியில் இருந்தேன். அங்கே பக்கிளில் ஓட்டைக்குள் போகிற கம்பியையும் டங் என்றார்கள். இங்கிலீஷில் எனக்குப் பழக்கமான வார்த்தை அது.

பொங்கல் கழிந்து என் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சாம்பார் பட்டாலே எரிந்தது. மாதனூரில் எங்கள் தெருவில் ஒருவர் நாக்கில் புண் வந்துதான் போனார். கடைசியில் அவரால் தண்ணீர்கூட முழுங்க முடியவில்லை. பார்த்திருக்கிறேன்.

தினமும் தயிர் சோறு கட்டிக்கொண்டு போனேன். மேஜையில் கேட்டார்கள். உடம்புச் சூடு என்றேன். மகன் ஓசூரில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பேன்.

சொந்தத்தில் கல்யாணம் என்று லீவு சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு போடுகிற தம்பி மதர் டங் என்ன என்று கேட்டார். முழித்தேன். தாய்மொழிம்மா என்றார். தமிழ் என்றேன். உள்ளே டாக்டரம்மா சின்ன வயசு. டங்கை நீட்டச் சொன்னார். இத்தனை வருஷமாக டங் தைக்கிறேன். என் வாயில் இருக்கிறதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீட்டினேன். உறை போட்ட விரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கூட வந்தவர் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் ஒரு காகிதம் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, திமிரி ஊர்க்காரி. வீட்டுக்காரரை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு அவர் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"ஒண்டியா வந்தியா?"

"ஆமா."

"புள்ளைங்க இல்ல?"

"வேலைக்குப் போய்ட்டான்."

"குடு இங்க. என்னவிட நீதான் கெழவி மாதிரி கீற. தங்கச்சின்னு போட்டுக்கறேன்."

போட்டாள். சதை எடுத்து முடிகிற வரைக்கும் என் பையையும் அவளே வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது என் வாய் நிறையப் பஞ்சு. ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் வந்தார். செருப்பை அவர் காலடியில் போட்டுவிட்டு அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ரிசல்டுக்கு மறுபடியும் லீவு. மறுவீட்டு விருந்து என்றேன். டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டு, கெட்டது ஒன்றும் இல்லை என்றார். கடைவாய்ப் பல் உடைந்து அதன் முனை குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டார்கள். வெளியே வந்து அதே பெஞ்சைப் பார்த்தேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கினேன். ஃபோம் ஒட்டுகிறவள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னா டங்கக்கா, விருந்து எப்படி?"

"காரம் ஜாஸ்தி."

"சூட்டு உடம்ப வச்சிக்கினு இன்னாத்துக்குத் துன்ன?"

சிரித்தார்கள். சொல்லிவிடலாம் என்று இருந்தது. அதற்குள் பாய் வீட்டுப் பெண் ஒரு கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். எல்லாம் முந்தின நாள் டங்.

நான் இடது கைக்காரி. டங்கைத் தலைகீழாக அடுக்கிக் கொடுத்தால்தான் எனக்கு வாகு. மேஜைக்கே அது பழகிவிட்டது. முதல் லீவில் என் மெஷினில் யாரும் உட்காரவில்லை. இந்த முறை வேறு லைனிலிருந்து ஒரு பையனை உட்காரவைத்திருக்கிறார்கள். இவர்கள் எனக்கு அடுக்குகிற மாதிரியே அவனுக்கும் அடுக்கியிருக்கிறார்கள். அவன் வலது கைக்காரன், வந்ததை வந்தபடி தைத்திருக்கிறான். லேபிள் எல்லாம் தலைகீழ்.

சின்னக் கத்தியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். தோலில் விழுந்த ஓட்டை மூடாது. திருப்பித் தைக்கும்போது அதே ஓட்டையில்தான் ஊசி இறங்க வேண்டும். ஊசியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மதியம் ஃபோம் ஒட்டுகிறவளின் குழம்பைக் கேட்டு வாங்கிச் சோற்றில் ஊற்றிக்கொண்டேன். கொஞ்சம்தான் எரிந்தது. அவர்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயந்திரம் சூப்பர்வைசர் வந்து எத்தனை பிரித்தாய் என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டு நான் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

நூற்றுப் பதினாறு.