சந்தனம் வைத்த பலகை

ஆயுத பூசை என்றால் எங்கள் பட்டினச்சேரி வீட்டில் படகு எஞ்சின், வலை பின்னும் ஊசி, அம்மாவின் மீன் அரிவாள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்துவிடும். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு வருஷம் அப்பா என் பொருளையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

என் பொருள் என்பது உள்ளங்கை அகலத்தில் சில வெள்ளைப் பலகைகள். மைக்ரோவேவ் சர்க்யூட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை. தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானோடு செராமிக் பொடியைக் கலந்து சூட்டில் அழுத்திச் செய்தது. ஊர்ப் படகுகளுக்கு ஜிபிஎஸ் கருவி வந்துகொண்டிருந்த காலம். அதற்குள்ளும் இதுமாதிரி ஒன்று இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அப்பா அதைக் கரை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

பூசை முடிந்ததும் நேரே சென்னைக்குக் கொண்டுபோய் அளப்பதாகத் திட்டம். ஈரம் ஏறினால் அதன் மின் அளவு மாறிவிடும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாவற்றின் மேலும் ஈரச் சந்தனம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சித்தப்பா குடும்பமே நின்றதைக்கூட நான் பார்க்கவில்லை.

"அறிவிருக்காப்பா? இது என்ன உங்க வலை ஊசியா?" என்றேன்.

அப்பா துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

சென்னையில் எண்கள் கன்னாபின்னாவென்று வந்தன. அப்பா கெடுத்துவிட்டார் என்று போனில் அம்மாவிடம் கத்தினேன். அப்புறம் மழை பிடித்தது. ஊருக்குக் கொண்டுபோகாமல் ஆய்வகத்திலேயே விட்டுவந்திருந்த பலகைகள், சந்தனத்தைக் கண்ணாலும் காணாதவை, அவையும் அப்படியே மாறின. டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது, உள்ளே இருக்கும் பொடி ஈரத்தை இழுக்கும். கலப்பதற்கு முன்னால் பொடிக்கு ஈரம் ஏறாதபடி ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். நான் அரைகுறையாகக் கொடுத்திருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனதும், திட்டியதைக் கேட்ட அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன், தப்பு என்னுடையது, சந்தனம் படாததும் கெட்டுப்போனது என்று. அப்பா சிரித்தார்.

"நம்ம மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுது புள்ள," என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

சத்தியம் பண்ணினேன். தலையாட்டினார், நம்பவில்லை. நான் திட்டியதை மட்டும் உடனே நம்பிய மனிதர். இதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

அடுத்த ஆயுத பூசைக்கு, பூச்சு சரியாகக் கொடுத்த புதுப் பலகையைக் கொண்டுபோனேன். எஞ்சின் பக்கத்தில் நானே வைத்து நானே சந்தனம் இட்டேன். தண்ணீரில் போட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது என்று அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் பொரிகடலைக்கு நகர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா மட்டும் அங்கேயே குந்தியிருக்கிறார். என் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, துண்டு நுனியால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஈரம் ஆவாது பாப்பா," என்றார். "இந்த வருஷமாச்சும் ஒனக்கு நல்லா வரட்டும்."