மாரக்காளின் கவுண்டர் சாம்பிள்

பிளாஸ்டிக் பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்க்கிறார் மாரக்காள். உள்ளே இருப்பது நொய்யல் ஆற்றில் நான் அள்ளிய ஒரு கிலோ சேறு. பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் செக்கிங்கில் இருந்தவர். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் ஒழுகும் பைப்பில்கூட, துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறார். சேற்றில் எந்த ஓட்டையைத் தேடுகிறாரோ, தெரியவில்லை.

"எந்தச் சாயப்பட்டறைக்காரரு அனுப்பிச்சாருங் தம்பி?"

மூன்றாவது முறையாகச் சொன்னேன். நான் கல்லூரி ஆராய்ச்சி மாணவன். ஆற்று மண்ணில் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்கத்தை அளக்க வந்தவன். அடையாள அட்டையையும் நீட்டினேன். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டோல மீசையக் காணமுங்களே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. சாயத் தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டதிலிருந்து எத்தனையோ பேர் வந்து பாட்டிலில் மொண்டு போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி வந்து பதில் சொன்னதில்லை.

"செரி, கவுண்டர் சாம்பிள் எங்கீங்க?" என்றார் திடீரென்று.

"எந்தக் கவுண்டருக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதுதான் தப்பு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஒரு சாம்பிள் போனால், அதே மாதிரி இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியிலேயே வைத்துக்கொள்வார்களாம், பின்னால் தகராறு வந்தால் ஒத்துப்பார்க்க. அதற்குப் பெயர் கவுண்டர் சாம்பிள். நான் மதுரைப் பக்கத்துக்காரன். இந்த ஊரில் கவுண்டர் என்றால் எனக்கு ஆளைத்தான் தெரியும்.

"அப்ப ஏதோ ஒரு கவுண்டரு அனுப்பித்தான் வந்திருக்கறீங்க. நெனச்சனுங்க!" என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நான் பாதிச் சேற்றைப் பிரித்து அவரிடம் கொடுத்து, பையின் மேல் கையெழுத்தும் போட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

"ரிசல்ட் எப்பங்க?"

"காயவைத்து, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு மாதம் கழித்துத்தான் அளப்போம்."

"ஒரு மாசமா! மூடி வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"சும்மா வைத்திருப்போம்."

உண்மை அதுதான். மண்ணிலிருந்து கிளம்பும் கதிரியக்க வாயு டப்பாவுக்குள்ளேயே சேர்ந்து நிலைப்பட அத்தனை நாள் ஆகும். சொல்லும்போது எனக்கே பொய் மாதிரித்தான் இருந்தது.

மாரக்காளுக்கு ஒரு மாதமெல்லாம் இல்லை. மகள் தேஜஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இன்னும் பதினெட்டு நாள். "பச்ச உசுர இந்த ஆத்தோரத்துல வெச்சுக்கலாமா, இல்ல சம்மந்தி ஊட்டுக்கே அனுப்பிச்சரட்டுமா? அத மட்டும் சொல்லு கண்ணு" என்றார். அதட்டிக்கொண்டே இருந்த குரல் அப்போதுதான் இறங்கியது. எனக்கும் பாவமாகிவிட்டது.

உடனே அளக்க ஒரு கைக்கருவி வைத்திருந்தேன். கரை மண்ணின் மேல் பிடித்ததும் கதிரியக்க அளவு பன்னிரண்டு என்று காட்டியது. நான் சொல்வதை நம்பாமல் தானே குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டார். "ஊட்டுக்குள்ள வந்து வெச்சுப் பாருங்க" என்று கூட்டிப்போனார். கூடத்தில் போன வருடம் போட்ட கிரானைட் தரை பளபளத்தது. அதன்மேல் பாய் விரித்துத் தேஜஸ்ரீ படுத்திருந்தாள். பாயருகே கருவியை வைத்தேன். இருபத்தாறு.

"கிரானைட்டில் இயற்கையாகவே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஒரு ஆபத்தும் இல்லை" என்றேன். சாயத்தை இந்தக் கருவி அளக்காது என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. இரண்டையும் அவர் காதில் வாங்கவில்லை.

"எந்திரி கண்ணு" என்று மகளின் முதுகுக்குக் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். ஆற்றுக்குப் பத்தடி தள்ளி வெறும் மண்ணில் அதை உதறி விரித்தார்.