குடிக்காதவரின் வயிறு

என் கணவர் குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நான்தான் நம்பவில்லை.

இந்தத் தீவில், திக்லிபூரில் எங்களுக்கு மீன்பிடித் தொழில். கரைக்கு வந்ததும் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். மஞ்சளாக வாந்தி எடுப்பார். அல்சர் மாத்திரை போட்டால் ஆறும், மாதம் திரும்பினால் மறுபடி வரும். மருந்துக்கடை பெங்காலிக்காரர் ஒவ்வொரு தடவையும் "தாரு பந்த் கரோ", குடியை நிறுத்து, என்பார். மீன்காரனுக்கு வயிறு வலித்தால் சாராயம்தான் காரணம் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதே கட்சி. ஒரு தவக்காலத்தில் அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போய், இனிமேல் குடிக்கமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் வாங்கினேன். வலி நிற்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் கூட்டிப்போனேன். "எத்தன தடவ பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார். "மாதாவையே ஏமாத்துற குடிகாரன் உங்கப்பன்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

போன வருஷம் அவருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தன. பிள்ளைகள் இரண்டு பேரையும் கராச்சர்மாவில் என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு கடல் தாண்டி மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எண்டோஸ்கோப்பி செய்த டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பித்தக்குழாய் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளித் திறக்க வேண்டுமாம். இவருக்கு இரைப்பையை ஒட்டியே திறக்கிறது. பித்தம் மேலேறிப் புண்ணாக்குகிறது. திறப்பை இறுக்கி மூடும் தசையும் இல்லாததால், சாப்பாடு குழாய்க்குள் போய்ச் சீழ் பிடிக்கிறது. ரொம்ப அபூர்வம், பிறவியிலேயே அப்படி என்றார்.

"அப்போ குடியால இல்லையா?" என்றேன்.

"இல்லம்மா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனில் பிழைத்துவிட்டார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் இருவருக்கும் அது தெரியாது. "நான் செத்துட்டா, குடிச்சுச் சாகலன்னு பிள்ளைகள்ட்ட சொல்லிரு" என்றார்.

அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவர் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போன் போட்டேன். "உங்கப்பா குடிக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மூத்தவள்தான் போனை எடுத்திருந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்மா" என்றாள். "ஒருநா குடிக்கிறாங்களான்னு அப்பா பின்னாடியே போய்ப் பாத்தோம். படகுத்துறைக்குப் பின்னால உக்காந்து வயித்தப் பிடிச்சிட்டு அழுதாங்க. ஒங்கிட்ட சொன்னா நாங்களும் சேந்து பொய் சொல்றோம்னு சொல்லுவ. அதான் சொல்லல."