கடைசி ஸ்டாப் கிரில் கதவு

1. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை.
2. அடுத்த மாதம் பால் வாங்கப் போனவர் பஸ் ஏறி, தன் பழைய ரூட்டின் கடைசி ஸ்டாப்பான பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டார். ஓய்வுபெற்ற கண்டக்டர், டிக்கெட் யாரும் கேட்கவில்லை. அவரைத் தெரிந்த டிரைவர் ஒருவர் திரும்ப அழைத்து வந்தார்.
3. நான் வாசல் கிரில் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். பகலெல்லாம் நான் சாஃப்ட்வேர் கம்பெனியில்.
4. மழைக்காலம் முடிவதற்குள் அவர் கால்களைத் தரையில் இழுத்து நடக்க ஆரம்பித்தார். பேச்சும் குறைந்தது.

பிசியோதெரபிஸ்ட் அவரை நடக்கவிட்டு, "காலைல என்ன சாப்டீங்க?" என்று கேட்டார். அப்பா நின்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பாத்தீங்களா? பேசணும்னா நின்னுடுறார். காலுக்கும் மூளைக்கும் சேத்து வேலை குடுக்கணும்மா. பூட்டி வெச்சா ரெண்டும் போயிடும்."

"பூட்டலைன்னா ஆளே போயிடுவார், சார்."



வீட்டிற்குள்ளேயே அப்பாவின் பழைய பஸ் தடத்தைப் போட்டேன். கட்டில் சிவாஜிநகர். ஃபிரிட்ஜ் ரிச்மண்ட் சர்க்கிள். சாப்பாட்டு மேசை ஆடுகோடி. டிவி மடிவாளா. தடத்தின் கடைசியில் இருந்ததால் கிரில் கதவு பொம்மனஹள்ளி. நடந்துகொண்டே ஸ்டாப் பெயர் சொல்ல வேண்டும். முதல் சில நாள் ஒவ்வொரு பெயருக்கும் நின்றார். பிறகு குரல் வந்தது.

"ஜான்சன் மார்க்கெட்ட எங்க விட்ட? ஸ்டாப்ப முழுங்கினா பப்ளிக் அடிப்பான்!"

ஜான்சன் மார்க்கெட்டாக மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டேன்.

"முந்தே ஹோகி, முந்தே ஹோகி!" என்று கன்னடத்தில் என்னையும் முன்னால் தள்ளினார். கால்கள் நிற்கவில்லை. என் திட்டம் பலித்தது என்று நினைத்தேன்.

பொம்மனஹள்ளி வந்ததும் கிரில்லைப் பிடித்துக்கொண்டார்.

"தெறம்மா."

"திரும்பிப் போலாம்ப்பா. சிவாஜிநகர்."

"கடைசி ஸ்டாப்புல கதவ மூடி வெப்பாங்களா? எல்லாரும் எறங்கணும். தெற."

கம்பியை விடவே இல்லை. சாவி என் சுடிதார் பையில் இருந்தது. ஆபீஸ் வேன் வரும் நேரம். திறந்தேன். தெருமுனை வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வேன் போய்விட்டது.

இப்போது நிலைமை இது. அப்பா பேசிக்கொண்டே நடக்கிறார். காலையும் மாலையும் தெருமுனை வரை என்னோடு வருகிறார். தனியாக விட முடியாது. சென்னைக்கு வந்த மாற்றலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பகலில் கிரில் பூட்டியே இருக்கிறது. ஒரு சாவி மேல்வீட்டு அக்காவிடம். இன்னொன்று என்னிடம்.