ஜன்னல் விளிம்பில் மோதிரம்

சங்கரன்கோவிலில் எங்கள் கல்லூரிக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு நடத்த வந்தவர் அவர். நரைத்த கிருதா, தேய்ந்த செருப்பு. குடுவையைத் தொடுமுன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார்.

தேர்வு முடிந்ததும் என் ஆராய்ச்சியைக் காட்டினேன். நான் வடிவமைத்த வளைய மூலக்கூறு பொட்டாசியம் அயனியை நடுவில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் வளையங்கள் தாமாகவே, கையில் வளையல் அடுக்கியதுபோல, வரிசையாக அடுக்கிக்கொள்ளும். படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இத இப்பம் ஜர்னலுக்கு அனுப்பாதேயும் வே. இன்னொரு தடவ செஞ்சு பாத்துக்கிடும். தப்பாப் போனா ஒம்ம பேருல்லா கெட்டுப்போவும்!"

அவர் போனபின் மோதிரம் கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த திருநெல்வேலி பஸ்ஸின் ஜன்னல் வழியே நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ போனப்புறம் எனக்கு இது ஒண்ணுதான் வே மிச்சம்." கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னதை நம்பி மறுபடி செய்துகொண்டிருந்தபோதே அவருடைய கட்டுரை வெளிவந்துவிட்டது. அதே வளையம், அதே அடுக்கு, நான் சொன்ன வளையல் உவமைகூட. என் பெயர் எங்கும் இல்லை.

அயோக்கியன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கண்ணீர் நிஜம். பாவி மனுஷன், அதையாவது நடித்திருக்கக் கூடாதா?