என் கேட் சாவி சுமன் தாயியிடம்

முதல் மழை பெய்த மறுவாரம் செம்பூர்க் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முர்பாட் கிராமப் பக்கம் ஓடினேன். எனக்குப் பால், தயிர் வியாபாரம். மாடுகளை நகரத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் போனபின், அங்கே குத்தகை நிலத்தில் விட்டிருந்தேன். குர்லாவில் ரயில் மாறி, கல்யாணில் பஸ் பிடித்து இறங்கினால், பார்த்த இடமெல்லாம் பச்சை. என் மாடுகளோ கொட்டகையில் கடைசி வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. மேய்ச்சல் கேட்டில் பூட்டு. 

இந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஆடு மாடு வைத்திருக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒருவர் நிலத்தை ஒருவர் போய்ப் பார்த்துத்தான் இந்த மேய்ச்சலைக் கற்றோம். நிலத்தைக் கட்டம் கட்டமாக வேலி போட்டுப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் நெருக்கி மேயவிட்டு, சட்டென்று அடுத்ததற்கு மாற்ற வேண்டும். மேய்ந்த கட்டத்தில் புல் தேறும்வரை கால் வைக்கக் கூடாது. கேட்க எளிதுதான். மாடு கத்தும்போது யாருக்குக் கை சும்மா இருக்கும்? அதனால் ஒருவர் சாவி இன்னொருவரிடம். என்னுடையது பக்கத்து நிலத்து மராத்திப் பெண்மணி சுமன் தாயியிடம்; தாயி என்றால் அங்கே அக்கா. எனக்கு மறுபக்கத்து நிலத்தில் ஆடு வைத்திருக்கும் காசிம் பாயுடையது என்னிடம். கல்லால் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும் பூட்டுகள்தான். யாரும் தட்டியதில்லை.

சுமன் தாயியிடம் போய் நின்றேன்.

"அண்ணா, அபி நஹி" என்றார். சாவி இப்போது கிடையாதாம்.

"மாடு பட்டினி கிடக்குது!" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

அவர் குனிந்து ஒரு புல்லை இழுத்தார். வேரும் மண்ணுமாகக் கையோடு வந்தது. "மாடும் இப்படித்தான் இழுக்கும். அப்புறம் தீபாவளிக்கு எதைப் போடுவே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கிறுக்குப் பொம்பளை என்று தமிழில் முனகிக்கொண்டே திரும்பினேன்.

கடைக்கு வந்த காசிம் பாய்

இரண்டொரு நாளில் காசிம் பாய் என் கடை வாசலில் நின்றார். குர்லாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"அண்ணாச்சி, சாவியக் குடுங்க. ஆடெல்லாம் வத்திப் போச்சு."

"புல்லு இன்னும் வேர் பிடிக்கல பாய்."

"தாயிகிட்ட நீங்க போட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? இப்பம் எனக்குப் பாடம் நடத்துதியளோ?"

"சத்தம் போட்டேன். அவ தரல. நானும் தர மாட்டேன்."

"குட்டி ஒண்ணு செத்துச்சுன்னா உங்க தலையிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் கல்லாவில் உட்கார முடியவில்லை. தயிர் கேட்ட மாமிக்குப் பாலை ஊற்றினேன். "உமக்கு என்ன ஆச்சு இன்னிக்கு?" என்று அவர் முறைத்தார். ஒரு குட்டி செத்தால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன்? சாவியைக் கொடுத்துவிடலாமா என்று எத்தனை தடவை பையைத் தொட்டிருப்பேனோ. மறுநாள் முதல் வேலையாக அரிவாளோடு அவர் நிலத்துக்குப் போய், வேலியோரச் சவுண்டல் மரத்தில் ஆடுகளுக்குத் தழை வெட்ட ஆரம்பித்தேன்.

பாய் வந்து பார்த்தார்.  வெட்டிய கிளையை ஆட்டுக்கு இழுத்துப் போட்டார். பிறகு அவரே என் மாட்டுக்கும் ஒரு கட்டு கட்டினார். மழையில் நனைந்தபடி தினமும் வெட்டினோம். தினமும் போய்ப் புல்லை இழுத்தும் பார்த்தோம். வேரோடு வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் பாய் இழுத்தார். நுனி மட்டும் அறுந்து கையில் வந்தது. வேர் நகரவே இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குட்டி ஒன்றும் சாகவில்லை. அங்கேயே சாவியைக் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சுமன் தாயி என் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

ஆடுகள் மேய்ந்து முடித்ததும் பாய் அவற்றை அடுத்த கட்டத்துக்கு மாற்றினார். மேய்ந்த கட்டத்தின் கேட்டைப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டார்.

"நீங்களே வச்சிருங்க அண்ணாச்சி. நான் திரும்பவும் வந்து சண்டை போடுவேன். குடுத்துராதீங்க."

மாடு வளர்க்க வரும் பிள்ளைகள் என்னிடம் எந்தப் புல், எந்த வேலி என்றெல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் உங்கள் சாவியைத் தராத ஒரு ஆளை முதலில் தேடிக்கொள்ளுங்கள்.