வளைவுக்கு முன்னால் இறுகும் வயிறு

1. இழுத்துப் பிடி

பவுன்தாய் இரண்டாம் முறை என் அறைக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் முறை கைவீசி நடந்து வந்தவர். இடையில் போன மூன்று வாரமும் நான் எழுதிக்கொடுத்த பயிற்சியைத்தான் செய்திருந்தார். கம்பத்தில் இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி பார்த்த நானே ஒரு ஆளை வலியில் தள்ளிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஏலக்காய் எடுக்கும் வேலை. விடியும் முன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்துத் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பும் பெண்களில் ஒருவர். நாற்பது வயது இருக்கும். ஈரச் சரிவில் வழுக்கி உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. ஏலச் செடியில் காய் தூரில், தரையை ஒட்டித்தான் கிடக்கும். நாள் முழுக்கக் குனிய வேண்டும். அப்போது முதுகுக்குத் துணை நிற்க வேண்டிய வயிற்றுத் தசை சும்மா இருந்தது. 'கோர் வீக்', அதாவது நடு உடம்புக்குப் பலம் இல்லை என்று கார்டில் எழுதினேன்.

அவருக்கு அவசரம். ஜீப்பை ஓட்டுகிறவரும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவரும் மொக்கராசு என்ற ஒருவர்தான். "ஒரு மாசம் பாப்பேன் பவுனு. அதுக்கு மேல சீட்டக் காலியா விட்டா தோட்டத்துல என்னையத்தான் கேப்பாக," என்று அவர் சொல்லியிருந்தார். காய் எடுப்பு நேரத்தில் சீட்டு கைமாறினால் அந்த வருடம் திரும்பக் கிடைக்காது. பவுன்தாய் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சீட்டை நம்பித்தான்.

நான் சொன்னது இதுதான்: "மல்லாக்கப் படுத்து முட்டிய மடக்கிக்கங்க. தொப்புளு முதுகோட ஒட்டுற மாதிரி வயித்த உள்ள இழுத்துப் பிடிங்க." கல்லூரியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் வந்தவர் போனவருக்கெல்லாம் அதையே சொல்லிவந்தேன்.

2. சொன்னபடி செய்தவர்

"ஒரு நாளைக்கு எத்தன தடவ செஞ்சீக?" என்று கேட்டேன்.

"தடவையா? நான் விடவே இல்லம்மா. எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் இழுத்துத்தான் வச்சிருக்கேன்."

குடம் தூக்கும்போதும் துணி துவைக்கும்போதும் இழுத்தே வைத்திருந்தார். உண்ட வயிறு உள்ளே போகாது என்று சோற்றைப் பாதியாக்கியிருந்தார். இழுத்தது நழுவாமல் இருக்கத் துண்டு ஒன்றை வேறு இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். மூச்சு நெஞ்சோடு நின்று திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. "யாராச்சும் நாள் முழுக்க செய்வாகளா? பத்துத் தடவன்னுதான எழுதியிருக்கேன்?"

"நீங்கதானம்மா இழுத்துப் பிடின்னீக. விடச் சொல்லலையே."

சொல்லவில்லைதான். கோபம் இறங்கி வெட்கம் வந்தது. பயிற்சியைச் செய்யாமல் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க எனக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அதுவரை யோசித்ததே இல்லை.

துண்டை அவிழ்க்கவைத்து, கட்டிலில் படுக்கவைத்துத் திருத்த ஆரம்பித்தேன். வயிற்றை உள்ளே இழுக்கவும் கூடாது, வெளியே தள்ளவும் கூடாது. முன்னும் பின்னும் பக்கமும் சேர்ந்து இறுக வேண்டும். மூச்சு அதன்பாட்டுக்குப் போய்வர வேண்டும். இருமச் சொன்னேன். பலூன் ஊதச் சொன்னேன். ஒன்று இழுத்தார், இல்லாவிட்டால் முக்கினார். ஐந்தாம் நாள் படுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வயிறு நான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதும்மா."

மொக்கராசு கொடுத்த மாசம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. அவர் வேலை பார்க்கும் இடத்தை நான் கண்ணால் கண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் அவர் எப்படிக் குனிகிறார் என்று பார்த்தாலாவது வழி தெரியும் என்று நினைத்தேன். "நாளைக்கு உங்க ஜீப்புல நானும் வாரேன். நீங்களும் வாங்க, வேலைக்கு இல்ல, எனக்குக் காட்ட," என்றேன்.

3. மெட்டு ஏறும்போது

"டாக்டரம்மா, முன்னாடி உக்காருங்க," என்றார் மொக்கராசு. நான் டாக்டர் இல்லை என்று ஊருக்கே சொல்லிச் சலித்துவிட்டேன். பின்னால் ஏறி, பவுன்தாய் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டும் முன்பே எல்லோரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். திராட்சைப் பந்தல்கள் இருட்டுக்குள் ஓடின. அடிவாரத்தில் காற்று குளிர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மஞ்சு என்கிற மலைமூட்டம் ஜீப்புக்குள்ளேயே வந்து முகத்தில் படிந்தது. யார் தலை யார் தோளில் என்று தெரியவில்லை. பெண்களின் மூச்சும் எஞ்சின் உறுமலும் ஒரே சத்தமாகக் கேட்டது. கீழே பள்ளத்தாக்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சுக்குள் கரைந்தன. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த வண்டி எங்கும் போய்ச் சேராமல் இப்படியே ஏறிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

முதல் கொண்டை ஊசி வளைவில் மண்டையைக் கம்பியில் இடித்துக்கொண்டேன். சந்தேகம் தீர்ந்தது. சுற்றிலும் பார்த்தால், அரைத்தூக்கத்தில் இருந்த பெண்களில் ஒருவர்கூட இடம் மாறவில்லை.

இரண்டாவது வளைவில் விழப்போய், பவுன்தாயின் இடுப்பைப் பிடித்தேன். என் கைக்குள் அந்த வயிறு இறுகியது. அதுவும் ஜீப்பு திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால். உள்ளே ஒட்டவில்லை, வெளியே புடைக்கவுமில்லை. விலாப் பக்கமும் முதுகுப் பக்கமும் சேர்ந்து, நன்றாக அடைத்த மூட்டை மாதிரி நின்றது. மூச்சு தடையில்லாமல் போய்வந்தது. வளைவு முடிந்ததும் தளர்ந்துவிட்டது. அடுத்த வளைவுக்காக, கையை எடுக்காமல் காத்திருந்தேன். மறுபடியும் அப்படியே.

"பவுன்தாயி, இப்ப என்ன செஞ்சீக?"

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "ஒண்ணும் செய்யலையேம்மா. வளைவு வருதுல்ல."

வருடக்கணக்கில் அந்த மலைப்பாதை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்ததை நான் மூன்று வாரத்தில் குழப்பிவிட்டிருந்தேன். இறுகுவதை அவரே உணரட்டும் என்று, மிச்ச வளைவுகளுக்கு அவர் கையையே அவர் இடுப்பில் வைக்கச் சொன்னேன். மெட்டில் பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினோம். ஈரம் சொட்டும் செடிக்கு முன்னால் அவரை நிறுத்தினேன்.

"வளைவு வருதுன்னு நெனைங்க. அப்பறம் குனிங்க."

"என்னம்மா, செடிகிட்ட போயி வளைவுங்கிறீக?" என்று மேலே நின்ற மொக்கராசு சிரித்தார்.

பவுன்தாய் குனிந்தார். இரண்டு காய் பறித்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"வலி?"

"இருக்கும்மா. ஆனா தள்ளி நிக்கிது."

அந்த மஞ்சுக்குள் எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

4. மாசக் கடைசி

மிச்ச நாட்களில் கட்டிலில் பயிற்சி. 'வளைவு வருது' என்றால் இறுக்கம். 'வளைவு போச்சு' என்றால் தளர்ச்சி. வயிறாரச் சாப்பிடவும் சொன்னேன். முப்பதாம் நாள் விடியும் முன் ஜீப்பு கிளம்பும் இடத்தில் போய் நின்றேன்.

"ரெண்டு வாரத்துக்கு மூட்ட தூக்கவிடாதீக," என்று மொக்கராசுவிடம் சொன்னேன்.

"செரி டாக்டரம்மா. ஆளு சீட்டுல இருந்தாப் போதும் எனக்கு."

ஜீப்பு கிளம்பி, அதன் சிவப்பு விளக்கு கண்ணுக்கு மறைந்தது. முதல் வளைவு வந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில், ரோட்டோரம் சும்மா நின்ற என் வயிறும் இறுகியது.

பகலெல்லாம் கை கிளினிக்கில் இருந்தது, மனசு மெட்டில் இருந்தது. 'தொப்புளை உள்ளே இழுக்கவும்' என்று சுவரில் நான் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். அதை நம்பி இன்னும் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்களோ என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. தொழிலுக்குப் புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பயிற்சி எழுதும் முன் அந்த ஆள் ஏறும் வண்டியில் ஒரு தடவை ஏறிப்பாருங்கள். பிடி என்று சொன்னால், எப்போது விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாயங்காலம் மறுபடியும் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். பவுன்தாய் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார். சேலையெல்லாம் ஏலக்காய் மணம்.

"காலைல ஏறும்போது எப்படி இருந்துச்சு? வளைவுக்கு வளைவு நெனச்சீகளா?"

அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிந்தது.

"கோவிச்சுக்கிடாதீகம்மா. தூங்கிட்டேன். மெட்டு ஏறுனதே தெரியல."